கீறல்கூட இல்லாத நாலு அலாய் வீல்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு அங்கனயே கெடக்கட்டும், ஒண்ணும் ஆவாது. அலாய் வீல் விளம்பரம் பாத்துட்டு போன் போட்டது நீங்க தான? கோவில்பட்டியில இருந்து இம்புட்டுத் தூரம் வந்திருக்கிய. போன எடுத்துப் பேசுனது நான் தான். உக்காருங்க, ஃபேனப் போடுதேன். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும்.

வீலா? அதுக்கென்ன அவசரம். வெயில்ல வந்திருக்கிய, மொதல்ல தண்ணியக் குடிங்க. எங்க வீட்டு அய்யா ரேசன் கடைக்குப் போயிருக்காவ. விளம்பரத்துல பேரு போட்டிருக்குமே, சிவசைலம்னு, அவிய தான். பாமாயில் வந்திருக்குன்னு பக்கத்து வீட்ல சொன்னாவ. வரிசை எப்பிடின்னு தெரியல. வந்துருவாவ.

அதுவரைக்கும் நான் ஒண்ணும் பேச மாட்டேன். பேசக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. "வீல் விசயமா யாரு வந்தாலும் நீ வாயத் தொறக்கப்பிடாது, வடிவு"ன்னு சாமி படத்துக்கு முன்னால நிக்க வச்சுச் சொன்னாவ. நான் என்னமோ வீதி வீதியா மைக் கட்டிப் பேசுத மாதிரி. எங்க அம்மை வீட்ல கேட்டுப் பாருங்க, சண்முகவடிவு இருக்க எடமே தெரியாதும்பாவ. ஆனா நீங்க வாங்க வந்தவரு. விவரம் தெரியாமப் போயிரக் கூடாதுல்லா. அதுக்காகச் சொல்லுதேன்.

அவிய கூட்டுறவுத் துறையில ஆடிட்டரா இருந்தாவ. சங்கம் சங்கமாப் போயி அங்க உள்ளவன் என்ன பொய் எழுதி வச்சிருக்கான்னு கண்டுபிடிக்கது தான் சோலி. போன எடத்துல ஒரு காப்பி குடிக்க மாட்டாவ. குடிச்சா நேர்மை கரைஞ்சு போயிருமாம். வீட்ல இருந்து கூசாவுல தண்ணி கொண்டு போவாவ. அப்பேர்ப்பட்ட மனுசன். ஒரே குடை, ஒரே பெல்ட்டு, வேலையில சேந்த அன்னைக்கு வாங்குனது. நான் ஒரு கிரைண்டர் கேட்டதுக்கு, ஆட்டுரல் நல்லாத்தான இருக்குன்னு கேட்டாவ.

ரிட்டயர்டு ஆனதும் என்ன காத்துக் கருப்பு பட்டுச்சோ, ஒரு பழைய கார வாங்கிட்டு வந்து நிறுத்துனாவ. சரி, ஆசைப்பட்டுட்டாவன்னு விட்டேன். அடுத்த மாசம் அதுக்கு அலாய் வீல். காருக்குத் தான் ஏற்கெனவே நாலு வீல் இருக்கே, அதுல தான ஓடி வந்துச்சுன்னு கேட்டேன். "உனக்குத் தெரியாது"ன்னாவ. நெசம் தான், எனக்குத் தெரியல. கொலுசு போட்ட மாதிரி பளபளன்னு நாலு வீலு. காரப் பாத்தா கெழவிக்குப் பட்டுப் பாவாடை கட்டி விட்ட மாதிரி இருந்துச்சு.

அதக் கழுவுத அழகப் பாக்கணுமே. தெனம் காலையில முக்காலியப் போட்டு உக்காந்து, பல் தேய்க்க பிரஷ்ஷ வச்சு ஒவ்வொரு கம்பியாத் தேய்ப்பாவ. எங்க நாயகத்துக்கு, எம் மவனுக்கு, சின்னப் பிள்ளையில ஒரு நாள் குளிப்பாட்டி விட்டது கெடையாது. அவன் இப்ப பூனாவுல இருக்கான். போன்ல சொல்லிச் சிரிச்சேன். அவனும் சிரிச்சான்.

பொறவு அந்த விபத்து. விபத்துன்னு அவிய சொல்லுதாவ. அம்பாசமுத்திரத்துல ஒரு காது குத்துக்குப் போயிட்டுத் திரும்பி வாரோம். நான் பேசாமத் தான் வந்தேன். வழியில அவிய அக்கா வீடு வந்துச்சு. மாடி எடுக்காவ, கம்பியெல்லாம் நிக்கி. "அந்தா பாருங்க, உங்க அக்கா வீட்டுக்கு மாடி எடுக்காவ, நம்மகிட்ட ஒரு வார்த்தை சொன்னாவளா"ன்னு கேட்டேன். கேட்டது தப்பா? கேட்டா, ஒரு மனுசன் ரோட்டப் பாத்து ஓட்டிக்கிட்டே பதில் சொல்லணுமா வேண்டாமா? திரும்பிப் பாக்காவ. நான் சட்டையப் பிடிச்சு, அங்கன இல்ல, இங்கனன்னு காட்டுதேன். டமார்னு ரோட்டு நடுவுல இருக்க கட்டைச் சுவத்துல ஏத்தியாச்சு.

நாடியில, வாய்க்குக் கீழ, அவியளுக்குத் தையல். எனக்கு ஒண்ணும் ஆவல, நான் கவனமா உக்காந்திருந்தேன்.

முன்னால ஒரு வீல் உள்பக்கமா வளைஞ்சு கீறி விட்டுருச்சு. மெக்கானிக் பூல்பாண்டி அதத் தூக்கிப் போட்டுரச் சொன்னான். இவிய கேக்கல. அந்த டிசைன்ல ஒத்த வீல் கெடைக்காதாம், ஒண்ணு போனா செட்டு போயிருமாம். பூல்பாண்டி மனசில்லாம வளைவ நிமித்தி வெல்டிங் வச்சுக் கொடுத்தான். கொடுக்கும்போது சொன்னான்: "அய்யா, இது உள்ளூர்ல காய்கறி வாங்கப் போவ ஆவும். நாலுவழிச் சாலையில ஏத்திராதீங்க." நானும் பக்கத்துல தான் நின்னேன். அவன் பொண்டாட்டிக்கு மூட்டு வலின்னு பேசிக்கிட்டு இருந்தேன், ஆனாலும் காதுல விழுந்துச்சு.

அதுக்குப் பொறவு அவிய வண்டி எடுக்கல. கேட்டா முட்டு வலிக்கின்னாவ. மனுசருக்கு வண்டி ஓட்டுததுல சலிப்பு தட்டிருச்சு, அவ்வளவு தான். புதுப் பொம்மைய எத்தனை நாளைக்கு உருட்ட முடியும். கடைசியா கார ஒரு புரோக்கருட்ட கொடுத்தாவ. அவன் அலாய் வீல் இருந்தாலும் அதே விலை, இல்லாட்டாலும் அதே விலைன்னு சொல்லிட்டான். இவியளுக்கு வந்த ரோசத்தப் பாக்கணுமே. பழைய இரும்பு வீல மாட்டிக் கார அனுப்பிட்டு, அலாய கழத்தி வச்சுக்கிட்டாவ. எங்க? எங்க படுக்கை ரூம்ல. என் பழைய வாயில் சேலையச் சுத்தி, கட்டிலுக்குக் கீழ ரெண்டு, பீரோ பக்கத்துல ரெண்டு. நான் கால் நீட்டிப் படுக்கணும்னா வீலுட்ட அனுமதி கேக்கணும்.

நாயகம் போன்ல ஒரு நாள் கேலி பண்ணான். "அப்பா, அத எடைக்குத் தான் எடுப்பான். ஒங்க வாழ்க்கையில செஞ்ச ஒரே செலவும் தண்டம்"னு. விளையாட்டாத் தான் சொன்னான். இவிய போன வச்சுட்டு நேரா படுக்கை ரூமுக்குப் போயி, சேலைய வெலக்கி வீலப் பாத்தாவ. பொறவு, வித்துக் காட்டுதேன் பாருன்னாவ. நாயகம் தான் போன்லயே விவரம் கேட்டு விளம்பரம் போட்டு விட்டான். இவிய சொல்லச் சொல்ல அவன் எழுதுனான். "கீறல்கூட இல்லை, குடும்பத்தினர் மட்டுமே பயன்படுத்தியது." ஆடிட்டரா ஊர்ல உள்ள கீறலையெல்லாம் கண்டுபிடிச்சு எழுதுன மனுசன் சொன்னது இது. அன்னைக்கே சில்வர் பெயிண்ட் வாங்கி, உப்புத்தாள் போட்டு, அந்த வெல்டிங் ஒட்டு மேல தடவிட்டாவ. நான் பாத்தேன். ஒண்ணும் கேக்கல. நமக்கெதுக்கு.

மொத ஆளா ஒரு பெரிய மனுசன் வந்தாரு. வீல ஒரு பக்கமாச் சாச்சு வச்சு வெரல் முட்டியால தட்டித் தட்டி, காதக் கிட்ட வச்சுக் கேட்டாரு. தர்பூசணி வாங்க வந்த மாதிரி. காப்பி குடிச்சாரு, முறுக்கு தின்னாரு. இவிய உள்ள போன நேரம், ஏம்மா கார வித்தியன்னு என்கிட்ட கேட்டாரு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம இருந்தா மரியாதையா இருக்குமா? அக்கா வீட்டு மாடியில இருந்து நாடித் தையல் வரைக்கும் சொன்னேன். அவ்வளவு தான், அவரு எந்திரிச்சு, வீட்ல கலந்துட்டு வாரேன்னு போயிட்டாரு. அவரு வீட்ல கலந்து கலந்து, இன்னும் முடியல.

அதுல இருந்து ஆள் வருதுன்னா என்னையக் கோயிலுக்கு அனுப்பிருவாவ. "நெல்லையப்பரப் பாத்துட்டு மெதுவா வா"ம்பாவ. நாப்பது வருசக் குடித்தனத்துல என்னையக் கோயிலுக்குப் போன்னு அவிய சொன்னது இந்த வீலால தான். காந்திமதி அம்மனுக்கே என்னையத் தெரியும் இப்போ.

காலேஜ் பையங்க ஒத்த பைக்ல மூணு பேரு வந்து, வீலு கூட நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனானுவ. கல்யாண வீட்ல மாப்பிள்ளை கூட நிக்க மாதிரி. போன்ல கேக்கவன் அதுக்கு மேல. வணக்கம் கெடையாது, யாருன்னு கெடையாது, எடுத்த ஒடனே "கடைசி விலை சொல்லுங்க"ம்பான். மொத விலையே இன்னும் சொல்லல.

அப்புறம் தான் ஜெயசிங் வந்தான். சமாதானபுரத்துப் பையன், சொந்தமா ஒரு டாக்சி ஓட்டுதான். அவிய வண்டி மாதிரியே வண்டி. பொண்டாட்டி எஸ்தர், இடுப்புல ஒரு கைப்பிள்ளை. அன்னைக்கு நான் கோயிலுக்குத் தான் போனேன். போனா நடை சாத்தியிருக்கு, திரும்பி வந்துட்டேன். நான் வந்ததப் பாத்து இவிய மொகம் போன போக்கப் பாக்கணுமே. சாமியே என்னைய வேண்டாம்னு அனுப்பினா நான் என்ன செய்ய. சரி, காப்பி போட உள்ள போயிட்டேன்.

அடுப்பங்கரையில நின்னா எல்லாம் கேக்கும். ஜெயசிங் நல்லவிதமாப் பேசுதான். ராத்திரி ராத்திரியா மதுரை ஏர்போர்ட்டுக்குச் சவாரி அடிக்கானாம். வண்டி பாக்க நல்லா இருந்தா நல்ல பார்ட்டி கெடைக்குமாம், அதுக்குத் தான் அலாய்னு சொல்லுதான். எப்பவாச்சும் அடிபட்டுருக்கா அய்யான்னு கேக்கான். இவிய கொஞ்ச நேரம் கழிச்சு, "கீறல்கூட இல்ல தம்பி"ன்னாவ. பேசி முடிச்சுட்டாவ. அவன் பையில கைய விட்டுப் பணத்த எடுக்கான்.

நான் காப்பி கொண்டு வாரேன். அந்தப் பிள்ளை அழுதுன்னு எஸ்தர் அத ஒரு வீல் மேல உக்கார வச்சிருக்கா. ஜட்டி கூட இல்லாத பிள்ளை. எனக்குப் பதறிருச்சு. "ஏட்டி, பிள்ளையத் தூக்கு. அது ஒட்டுப் போட்ட வீலு, வெல்டிங் பிசிறு இருந்தா தொடையில குத்திரும்"னேன்.

அவ்வளவு தான் தம்பி நான் சொன்னது. வீலப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. பிள்ளையப் பத்தித் தான் சொன்னேன்.

ஜெயசிங் எடுத்த பணத்தத் திரும்பப் பையில வச்சான். வீலத் திருப்பி உள்பக்கமா வெரல விட்டுத் தடவுனான். பெயிண்ட்டு உரிஞ்சு வெரல்ல ஒட்டுச்சு. அவன் ஒரு சத்தம் போடல. இவிய மொகத்தக் கூடப் பாக்கல. பொண்டாட்டிட்ட, "வா, போலாம்"னான். அவ தான் வாசல்ல போயித் திரும்பி நின்னு இவியளப் பாத்துக் கேட்டா: "அய்யா, ஞாயித்துக்கெழம நாங்க மூணு பேரும் அந்த வண்டியில தான் சர்ச்சுக்குப் போவோம். தெரிஞ்சுக்கிட்டா கொடுக்கப் பாத்திய?"

இவிய நின்ன எடத்துலயே நிக்காவ. நான் காப்பிய வச்சுக்கிட்டு நிக்கேன். நல்ல காப்பி, அப்பிடியே ஆறிப் போச்சு.

அதுக்குப் பொறவு எங்கூடப் பேச்சு கெடையாது. பழி பூரா எம் மேல. சாப்பிட உக்காந்தா சுவத்தப் பாத்து, "ரசம் இருக்கா"ன்னு கேப்பாவ. சுவரு பதில் சொல்லாது, நான் தான் சொல்லணும். ராத்திரி தூக்கம் கெடையாது, பொரண்டு பொரண்டு படுக்காவ. வியாபாரம் கெட்டுப் போச்சேன்னு அம்புட்டு ஆத்திரம். நேர்மை நேர்மைன்னு ஊரெல்லாம் பேரு வாங்குன மனுசன், நாலு வீல் விக்கலன்னு சோறு எறங்காமக் கெடந்தாவ. நானும் விடல. காலையில காப்பி கொடுக்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் வெளக்கேத்தும்போது ஒரு தடவை, நான் என்ன தப்பாச் சொன்னேன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.

ஒரு நாள் காலையில ஒரு லோடு ஆட்டோவக் கூட்டிட்டு வந்து நாலு வீலையும் ஏத்துனாவ. எங்கன போறியன்னு கேட்டேன். சொல்லல. சாயங்காலம் வெறுங்கையோட வந்தாவ. கை ரெண்டும் கரி, வேட்டியில துரு. வந்து இந்த நாற்காலியில தான் உக்காந்தாவ, நீங்க இருக்க எடம். கொஞ்ச நேரம் கழிச்சு என்னையக் கூப்பிட்டாவ. சுவத்த இல்ல, என்னைய.

"வடிவு, நீ அன்னைக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா, நான் வித்திருப்பேன்."

கேட்டியளா? அம்புட்டு நாளைக்குப் பொறவு பேசுத மொதப் பேச்சு. அப்பவும் குத்தம் எனக்குத் தான். கண்ணு வேற கலங்கியிருக்கு, நல்ல வெலை போச்சேன்னு. எனக்குக் கோவம் வந்துருச்சு. "ஆமா, நான் தான் கெடுத்தேன், இப்ப வித்தாச்சுல்லா, பெறவென்ன"ன்னு சொல்லிட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டேன். பின்னாலயே வந்தாவ. நெலப்படியில சும்மா நின்னாவ. நான் திரும்பல. எனக்கும் ரோசம் உண்டுல்லா.

மறுநாளு எஸ்தர் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தா. அவ சொல்லித் தான் எனக்கு விசயமே தெரியும். இவிய நேரா ஜெயசிங் வீட்டு வாசல்ல போயி ஆட்டோவ நிறுத்தி, அவனையும் கூட ஏத்திக்கிட்டு ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்காவ. அந்த ஒட்டுப் போட்ட வீல எறக்கி, எங் கண்ணு முன்னால ஒடைங்கன்னு சொல்லியிருக்காவ. கடைக்காரன், முழுசா இருந்தா எவனாவது வாங்குவானே, எதுக்கு ஒடைக்கணும்னு கேட்டானாம். "முழுசா இருக்க வரைக்கும் எவனாவது மாட்டுவான்யா, அதுக்குத் தான்"னாவளாம். அவன் தயங்கவும், சம்மட்டிய இவியளே வாங்கி ஓங்கி ஒண்ணு போட்டிருக்காவ. வீட்ல ஒரு தேங்கா ஒடைக்கச் சொன்னா மணிக்கட்டு வலிக்கும்பாவ.

ஒரே அடியில அந்த ஒட்டு விட்டுருச்சாம். ஒரே அடி. ஜெயசிங் குனிஞ்சு அந்த எடத்தத் தடவிப் பாத்தானாம். இவிய சம்மட்டியக் கீழ போட்டுட்டு, அங்கன கெடந்த டயர் மேல உக்காந்துட்டாவளாம். எந்திரிக்கவே நேரம் ஆச்சாம். முட்டு வலி தான், வேறென்ன.

மிச்ச மூணு வீல அவனையே வச்சுக்கிடச் சொல்லிட்டாவ, சும்மா. பாத்துக்கிடுங்க. எனக்குக் கிரைண்டர் கெடையாது, ஊரான் வண்டிக்கு மூணு அலாய் வீல் தானம். அதுவும் மூணு. நாலு காலு உள்ள மாட்டுக்கு மூணு லாடம் அடிச்ச மாதிரி. அவன் சும்மா வாங்க மாட்டேன்னு நின்னிருக்கான். கடைசியில, நீங்க எப்பக் கூப்பிட்டாலும் வண்டி கொண்டு வருவேன்னு சொல்லி வாங்கியிருக்கான். நாலாவதுக்கு அவனே எங்கெங்கயோ அலைஞ்சு, மதுரையில ஒருத்தன்கிட்ட அதே டிசைன்ல வாங்கிட்டான். கெடைக்கவே கெடைக்காதுன்னு இவிய சொன்ன ஒத்த வீலு.

இப்ப எங்கன போனாலும் ஜெயசிங் வண்டி தான். இவிய முன்னால உக்காருவாவ, நான் பின்னால. ஏறுததுக்கு முன்னால வண்டியச் சுத்தி வந்து நாலு வீலையும் ஒரு தடவை பாத்துக்கிடுவாவ. ஜெயசிங் நல்ல பையன், நான் எம்புட்டுப் பேசுனாலும் திரும்பியே பாக்க மாட்டான். ரோட்டத் தான் பாப்பான். அப்பிடில்லா ஓட்டணும்.

என்ன தம்பி முழிக்கிய? ஆமா, வீல் இல்ல. அதத் தான ஆரம்பத்துல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்.

போன்லயே சொல்லியிருக்கலாம்லான்னு கேக்கிய. இம்புட்டையும் போன்ல எப்பிடித் தம்பி சொல்லுதது? சார்ஜ் போயிராது? நேர்ல வந்தா தான விவரமாப் பேச முடியும். போன வாரம் கூட தென்காசியில இருந்து ஒருத்தரு வந்தாரு. ரொம்ப நேரம் இருந்து பேசிட்டுப் போனாரு. அவரு மவளுக்கு மாப்பிள்ளை பாக்காவளாம், ஒண்ணும் அமையலையாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு எடம் சொல்லி விட்டிருக்கேன்.

எந்திரிக்காதீங்க, இருங்க. கோவமா? வீல் இல்லாட்டா என்ன, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போறதுக்கு வீல் எதுக்கு. அவியளும் வந்துருவாவ. அவிய யாருட்டயும் பேச மாட்டாவ. நாயகமும் தூரத்துல இருக்கான், ரிட்டயர்டு ஆன பொறவு தேடி வார ஆளும் கெடையாது. வீலுக்குன்னு வாரவிய கிட்ட மட்டும் உக்காந்து பேசுதாவ. மன்னிச்சிக்கிடுங்கன்னு ஆரம்பிச்சு, அலாய் வாங்கும்போது உள்பக்கமா வெரல விட்டுப் பாக்கணும்னு முழுசாச் சொல்லிக் கொடுத்து அனுப்புவாவ.

அந்த விளம்பரத்த எடுத்துரணும்னு சொல்லிக்கிட்டே தான் இருக்காவ. நாயகத்துட்ட நான் சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன். அவன் கூடப் பேசும்போது மறந்து போவுது. என்ன சொல்லுதிய, நீங்களே எடுத்துத் தாரியளா? இந்தா மேசையில தான் அவிய போன் இருக்கு, எடுக்க நிமிசம் கூட ஆவாதா?

இருக்கட்டும் தம்பி. நீங்க எதுக்குச் சிரமப்படுதிய. அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கு, யாருக்கு என்ன இடைஞ்சல். சவத்த விடுங்க. நீங்க உக்காருங்க, சீனி கொறைச்சா, சாதாவா?

போன் அடிக்கி, ஒரு நிமிசம்.

ஆங், சொல்லுங்க. ஆமா, சிவசைலம் வீடு தான். அலாய் வீலா? ஆமா, நாலு. அதெல்லாம் போன்ல எதுக்குங்க, நேர்ல வாங்க, பேசிக்கிடலாம். எங்க இருந்து வாரிய? நாசரேத்தா? தூரம் தான். பரவாயில்ல, ஞாயித்துக்கெழம சாயங்காலம் வாங்க. அவியளும் இருப்பாவ.

வீட்லயும் கூட்டிட்டு வாங்க. காப்பி குடிப்பியள்லா?